எடுக்கிற நேரம் சொல்ல வந்தவருக்கு

மாமா,

இந்த மடலில் வரும் கதையை ஒரு ஜீவன்கூட நம்பப்போவதில்லை. மரக்காணத்து உப்புக் குவியல்கள் அத்தனையையும் சாட்சி வைத்து, வலது கையை நெஞ்சில் வைத்து, முதலிலேயே இதைச் சத்தியம் செய்துவிடுகிறேன். சொல்கிறவன் யார் என்று தெரிந்தால், நம்பலாமென்று உட்கார்ந்தவர்களும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

இன்று காலை ரீசார்ஜ் கடையைத் திறந்ததும் உங்கள் போனைச் சார்ஜில் போடப் பார்த்தேன். ஒயர் உள்ளே போகவில்லை. ஊக்கை விட்டு ஓட்டையைக் குடைந்தால் பொலபொலவென்று வெள்ளையாய்க் கொட்டியது. உப்பு. ஒரு மூட்டை எடுத்தேன் என்று டாப்-அப் போட வந்தவரிடம் சொன்னேன். ஒரு சிட்டிகைதான். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் போனை எத்தனை வருஷம் வேண்டாமென்றீர்கள். உங்களுக்கு எதற்குப் போன்? நீங்கள் உப்புப் பாத்தி வரப்பில் நின்று ஒரு சத்தம் விட்டால், பாண்டிச்சேரி பஸ் பிரேக் அடித்து, டிரைவர் இறங்கிவந்து என்ன வேணும் என்று கேட்டுவிட்டுப் போவார். என் அக்கா உயிரோடு இருந்தவரை அந்தத் தொண்டையை அடக்கி வைத்திருந்தாள். அவளும் போன பிறகு, நீங்களும் அந்தக் குரலும் மட்டும் தனியாய் அந்த வீட்டில் இருந்தீர்கள்.

உங்களோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவர் ஏழுமலை. வேலைக்குப் போக முடியாத வயசு வந்த பிறகும் இருவரும் விடவில்லை. அவர் அனுமந்தையிலிருந்து பஸ் ஏறி வருவார். டீக்கடையில் ஒரே பெஞ்சு, ஒரே சண்டை. ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. நீங்கள் பெஞ்சில் துண்டைப் போட்டு அவருக்கு இடம் பிடித்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் டீ மாஸ்டரிடம், எங்கப்பா அந்த ஆள் என்று கேட்டீர்கள். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"என்னா பெரியவரே, உனக்குத் தெரியாதா? அவர எடுத்து ஒரு வாரம் ஆவுது. ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாங்களே."

போட்டோ, மாலை, எடுக்கும் நேரம் எல்லாம் ஸ்டேட்டஸில் வந்ததாம். பார்த்தவர்கள் எல்லாருமே, வேறு யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். என் மகள் பிரசவத்துக்காக நான் வேலூரில் கிடந்த நாட்கள் அவை. திரும்பி வந்து கடை திறந்த அன்று நீங்கள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். அழவில்லை. நான் ஏதோ தமாஷ் பண்ணப் போக, கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"முன்னல்லாம் ஒருத்தன் சைக்கிள் மிதிச்சி வருவான் மச்சான். வாசல்ல நிப்பான். உள்ள வரமாட்டான், தண்ணி குடிக்கமாட்டான். பேரு, எடுக்கிற நேரம். அவ்ளோதான் சொல்லுவான். அவன் வந்தாத்தான் நம்மள ஒரு ஆளா வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். சாவு சேதியே சொல்லலைன்னா, நம்மளையும் செத்தவன் கணக்குல சேத்துட்டாங்க."

அப்புறம், உங்கள் மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்து நீங்கள் பெட்டியில் போட்டு வைத்திருந்த அந்தப் போனை, இடுப்பிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தீர்கள். சொல்லிக் குடு என்றீர்கள்.

உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் அப்படி ஒரு மாணவனைக் கண்டிருக்காது. முதல் பிரச்சினை உங்கள் விரல்கள். ஆயுசு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, தோல் மரப்பட்டை ஆகிவிட்டது. திரையைத் தொடுவீர்கள், அது கண்டுகொள்ளாது. அழுத்துவீர்கள், ஊஹூம். அந்தக் கண்ணாடிக்கு நீங்கள் ஒரு மனிதன் என்றே தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், ஈரத்துணியில் துடைத்துப் பார்த்தோம். கடைசியில் விரலை மடக்கி முட்டியால் தட்டினீர்கள். திறந்துகொண்டது. நீங்கள் மூக்கால்தான் போன் பார்க்கிறீர்கள் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரப்பியது அடியேன். "உனக்கு அந்த மூக்கும் கிடையாதேடா, ஒடம்பு மொத்தமும் வாய்தானே" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது திருப்பிக் கொடுத்தீர்கள்.

எழுத்தைப் பெரிசாக்கி வைத்தேன். பழைய உப்பளத்துக்காரர்கள் குரூப்பில் சேர்த்துவிட்டேன். ஸ்டேட்டஸ் என்பது ஒரு நாளில் தானாக அழிந்துவிடும் என்று சொன்னபோதுதான் உங்களுக்குக் கோபம் வந்தது. ஒருத்தன் செத்த சேதி ஒரு நாளுக்கு மேல தாங்காதா, அப்ப தினம் விடிஞ்சதும் பாத்துடணும் என்றீர்கள். பார்த்தீர்கள். பல்லு விளக்குகிறீர்களோ இல்லையோ, முட்டி விரலால் அத்தனை பேர் ஸ்டேட்டஸையும் தட்டித் தட்டிப் பார்த்துவிடுவீர்கள்.

அத்தோடு விட்டீர்களா? சைக்கிளை எடுத்தீர்கள். கண்ணில் புரை விழுந்தவர்கள், போனே இல்லாதவர்கள், போன் இருந்தும் அது மகன் பாக்கெட்டில் இருக்கிறவர்கள் என்று ஒவ்வொரு வாசலுக்கும் போனீர்கள். உள்ளே போகாமல் நின்று, பேரும் நேரமும் சொன்னீர்கள். குரூப்பில் யாராவது கும்பிடு போட்டிருந்தால், இன்னார் கும்பிட்டார் என்று சொல்லி அங்கேயே கையைக் கூப்பிக் காட்டினீர்களாம். தெருவில் உங்கள் சைக்கிள் திரும்பினாலே கிழடுகள் நடுங்க ஆரம்பித்தார்கள். "சாவு மாமா வர்றாரு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். யாரும் சாகாத வாரத்திலும் வெள்ளிக்கிழமை தவறாமல் போனீர்கள். தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பீர்கள்: "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. டீ போடு." அன்று மட்டும் உள்ளே போய் உட்காருவீர்கள்.

அனுமந்தையில் அஞ்சலையம்மா இருக்கிறார்களே, அந்தக் காலத்தில் உப்பளத்துக்கு மீன் கூடை சுமந்து வந்தவர்கள். அவர்களுக்கும் போனைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தீர்கள். அவர்கள் திரையைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, வெளிச்சந்தான் தெரியுது, நீயே எனக்குப் போனா இருந்துட்டுப் போ என்று திருப்பித் தந்துவிட்டார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்தி எது கடல் எது என்று தெரியாதபடி தண்ணீர். கரண்டு இல்லை, கடையும் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை உங்கள் மகன் சென்னையிலிருந்து எனக்குப் போன் பண்ணினான். அப்பா எடுக்கவே இல்ல மாமா, கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா என்றான்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். உடம்பு விறைத்திருந்தது. போன் தலைமாட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அதற்குக் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்துகொண்டே இருந்திருக்கின்றன.

உங்கள் மகன் அங்கிருந்தே ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். போட்டோ, மாலை, எடுக்கிற நேரம் மூணு மணி. குரூப்பில் கும்பிடு மேல் கும்பிடாய் விழுந்தது. கைகள் வந்தன மாமா, கால் ஒன்றையும் காணோம். பாதிப் பேர் வெளியூர், மீதிப் பேர் மழை. நீங்கள் வாசல் வாசலாய்ப் போய்ச் சேதி சொன்னவர்களுக்கோ, சேதி சொல்ல ஆளே இல்லை. வண்டியை எடுத்தேன்.

முதலில் முனுசாமி வீடு. உப்பு மூட்டைக்கு எடை போட்டவர். வாசலில் நின்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"போன மாசம் திமிங்கலம் கரைக்கு வந்து டீ கேட்டுச்சின்னு சொன்ன. இன்னைக்கு மாமனையே சாவடிச்சிட்டியாடா? மழைக்கு நல்ல கதை. உள்ள வா."

நான் உள்ளே போகவில்லை. பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினேன், அவர் இன்னும் சிரித்தார். வானம் எப்படி இருண்டது, உங்கள் கை எப்படி மடங்கியிருந்தது என்று விவரித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கதை மாதிரிக் கேட்டது. மணி போய்க்கொண்டிருந்தது. என் வாய் ஜென்மம் முழுக்க சம்பாதித்ததெல்லாம் அந்த வாசலில் எனக்கு எதிரே வந்து நின்றது. வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அனுமந்தை போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பேரும் நேரமும் மட்டும், மேற்கொண்டு ஒரு வார்த்தை கூடாது என்று. அஞ்சலையம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடி விரிந்து கிடந்தது. சாரலில் நனைந்ததல்ல அது; அடிமயிர் வரை சொட்டியது. சாவுச் சேதி கேட்ட உறவுக்காரர்கள் மாதிரி தலைக்கு ஊற்றியிருக்கிறார்கள். நான் வாசலிலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"யாரு, அவரு மச்சானா? எடுக்கிறது எப்ப?"

"மூணு மணிக்கு."

"நேத்து வெள்ளிக்கிழம. ஒண்ணும் இல்லன்னு சொல்லக்கூட வரல. அப்புறம் எனக்கு யாரு வந்து சொல்லணும்?" என்றார்கள். "அவரு எனக்கு ஒறவு இல்லதான். இருந்தாலும் ஊத்திக்கிட்டேன்."

அவர்களை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, மழையிலேயே திரும்பி வந்தேன். முனுசாமி வாசலில் நிறுத்தினேன். அவர் அந்த ஈரத் தலையைப் பார்த்தார். உள்ளே போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

உங்களை வழியனுப்ப மரக்காணமே திரண்டு ஈசிஆரில் போக்குவரத்து நின்றது என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். நின்றது கொஞ்சம் பேர். அதில் கிழடுகள்தான் அதிகம். கைத்தடியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, உங்களைத் தூக்கும்வரை அசையாமல் நின்றார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் போகிறேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல என்று தெருமுனையிலிருந்து கத்துகிறேன். உங்கள் தொண்டை எனக்கு வராது. நான் ஒண்ணும் இல்லை என்றாலும் நம்பாமல், நிஜமாவாடா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் டீ போடுகிறார்கள். சேதி இருக்கிற நாளில் பேரும் நேரமும் சொல்லிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

மேலே எழுதியதில் எது புளுகு, எவ்வளவு புளுகு என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் எப்படியும் நம்பப்போவதில்லை. ஆனால் அஞ்சலையம்மா வாசலில் நான் சொன்ன அந்த மூணு மணி மட்டும் நிஜம், மாமா. அதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.