பர்மாவுக்குக் கொடுத்த பிள்ளை

1941 பிப்ரவரி 17, திங்கள்

நேற்று ஸ்தோத்திரப் பண்டிகை. இந்த வருஷம் கரிசல் கைவிடவில்லை. கோவில் முற்றம் நிறையக் கம்பும் சோளமும் பூசணியும். என் வீட்டுக்காரி சவுந்தரம் நேர்ந்து வளர்த்த வெள்ளாட்டுக் கிடாயைக் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கட்டினாள். சாயங்காலம் ஏலத்தில் நானே கேட்டு, நானே எடுத்து, வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். எங்கள் சபையில் பாதிப்பேர் அப்படித்தான். ஆண்டவருக்குக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, ஆடு வீடு திரும்பின மாதிரியும் ஆச்சு.

ஞானப்பூவையும் அந்த நினைப்பில்தான் கொடுத்தேனோ? போன வருஷம் மிஷன் கூட்டத்தில், கடல் கடந்த ஊழியத்துக்குத் தானியம் மட்டும் போதாது, பிள்ளைகளையும் கொடுங்கள் என்று பேசியது நான்தான். வாத்தியாருக்குப் பேச்சுக்கா பஞ்சம்? பெண்கள் பக்கத்தில் முதலில் எழுந்து நின்றது என் மகள்.

இப்போது ரங்கூனில், அரிசி ஆலைகளில் வேலை செய்யும் தமிழர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். அவள் செலவை எங்கள் சபைதான் தாங்குகிறது. சீக்கிரமே அழைத்துக்கொள்ளலாம் என்று பாளையம்பட்டியில் கம்பவுண்டர் காசிராஜனை மாப்பிள்ளையாகப் பேசி வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் எழுதவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கல்யாணம் பற்றி எழுதியதற்கு ஞானப்பூவிடமிருந்து பதில் வந்தது. பிள்ளைகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறார்களாம், பிறகு பார்க்கலாமாம். கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்தது. சாப்பிட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

ரங்கூனில் குண்டு போட்டிருக்கிறார்கள். நேற்றுக் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். சவுந்தரத்திடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. அடுப்பு மூட்டவில்லை.

1942 ஜனவரி 18

அவளைக் கொண்டுவாரும். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

மே 9, சனி

ரங்கூன் ஆலையில் வேலை பார்த்த சோலைச்சாமி பாளையம்பட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறான். காட்டு வழியே நடந்தே வந்தானாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் புண். ஞானப்பூவும் அவர்களோடுதான் புறப்பட்டிருக்கிறாள். வழியில் ஓர் ஊரில் காலரா. தாய் தகப்பன் செத்துப்போன பிள்ளைகள் அங்கேயே கிடந்திருக்கிறார்கள். இவள் நின்றுவிட்டாள்.

"எம்புட்டோ கூப்புட்டோம் வாத்தியாரய்யா. 'இதுகள விட்டுட்டு எப்புடிண்ணே வாரது, நீங்க போங்க'ன்னுட்டாக. திரும்பிப் பாத்தேன். கையக் காட்டிக்கிட்டே நின்னாக."

அதற்குமேல் அவனுக்குத் தெரியாது.

ஏன் நின்றாய்? யார் உன்னை நிற்கச் சொன்னது? — நான்தான் சொன்னேன். மேடை ஏறிச் சொன்னேன். ஆண்டவரே, அது பேச்சு. பேச்சையெல்லாம் இப்படி எடுத்துக்கொள்வீரா?

அக்டோபர் 5

பள்ளிக்கூடம் விட்டதும் பந்தல்குடி ரோட்டில் நின்று அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவது பழக்கமாகிவிட்டது. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ். அது வருவதே அற்புதம்.

1943 ஆகஸ்ட் 22, ஞாயிறு

சவுந்தரத்தின் தம்பி செல்வதுரை வந்திருந்தான். இத்தனை நாளாச்சே, ஞாபகார்த்த ஆராதனை ஒன்று வைத்துவிடலாமே என்று மெதுவாக ஆரம்பித்தான். சவுந்தரம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "உசுரோட இருக்குற புள்ளைக்கு அதெல்லாம் எதுக்குலே? சாப்புடு" என்றாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

நம்பினால் அற்புதம் நடக்கும் என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் நம்புகிறேனா? பஸ் தூரத்தில் வரும்போது நம்புகிறேன். அது போனபின் நம்புவதில்லை. சவுந்தரம் ரோட்டுக்கே வருவதில்லை, ஆனால் நாள் முழுக்க நம்புகிறாள்.

1944 ஜூன் 7

காசிராஜனுக்குக் கல்யாணம். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நல்ல பையன். பாயசம் இறங்கவில்லை.

1944 டிசம்பர்

செய்தி இல்லை. மழையும் இல்லை.

1945 நவம்பர் 14, புதன்

இருக்கிறாள். இருக்கிறாள். இருக்கிறாள்.

பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த அருஞ்சுனை, பாலவனத்தத்துப் பையன், வீடு தேடி வந்தான். ரங்கூனுக்கு வடக்கே ஓர் ஆற்றங்கரை ஊரில் அவளைப் பார்த்திருக்கிறான். புளியமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இவன் பேச்சைக் கேட்டதும், "அருப்புக்கோட்டைப் பக்கமா? அங்க மழை பேஞ்சுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாளாம். கப்பல் கிடைத்ததும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

சவுந்தரம் அழவில்லை. அருஞ்சுனையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்தான்.

என் அவிசுவாசத்தை மன்னியும். நீர் செய்தீர்.

1946 மார்ச் 20, புதன்

வந்துவிட்டாள். இத்தனை வருஷம் ரோட்டில் நின்றவன், அவள் வந்த நேரத்தில் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. யாரோ பிள்ளையின் தாய் என்று நினைத்து, "என்னம்மா வேணும்?" என்றேன்.

"நான்தான்யா" என்றாள்.

ஏப்ரல் 11

மெலிந்திருக்கிறாள். கறிக்குழம்பை ஆசையாய்ச் சாப்பிடுகிறாள். ஆனால் பேச்சில் 'எங்க வீட்டில்' என்று வந்தால், அது இந்த வீடு இல்லை. அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை ஒன்று பேசியிருக்கிறேன். கேட்டுக்கொண்டாள். சரி என்று சொல்லவில்லை.

மே 16, வியாழன்

வெடித்துவிட்டது. திரும்பிப் போகிறாளாம். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். நாங்கள் செத்தால் மண் போட யார் இருக்கிறார்கள் என்றேன். ஆண்டவர் உன்னை எங்களுக்குத்தான் திருப்பிக் கொடுத்தார், பர்மாவுக்கு இல்லை என்றேன். அவள் குரல் உயரவே இல்லை.

"அந்தப் புள்ளைகள ஒரு கெழவிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்யா. 'வாரேன்'னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க பஸ்ஸப் பாத்துக்கிட்டு நின்ன மாதிரி, அதுக கப்பலப் பாத்துக்கிட்டு நிக்கும்."

அந்த நிற்பு எனக்குத் தெரியும். கரி பஸ் கிளப்பிய புழுதி அடங்குகிறவரை வீட்டுக்கு நடக்க மனம் வராது. அப்படி ஒரு பிள்ளை நிற்பதா?

போகாதே என்றும் சொல்ல முடியவில்லை. போ என்றும் வரவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை புறப்படுகிறாள். சபை அவளை முன்னே முழங்காலில் நிற்க வைத்தது. போதகர் ஜெபிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

எழுந்து போனேன். அவள் தலையில் கை வைத்தேன். வகிட்டில் ஒரு நரை. ஜனங்கள் செருமினார்கள். 'கொண்டுவாரும்' என்பது நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டு, "பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஆண்டவரே. இவளைப் பத்திரமாய் அங்கே கொண்டுபோய்ச் சேரும்" என்றேன்.

சபை ஆமென் சொன்னது. சவுந்தரம் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து பாயைச் சுருட்டிய பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஆமென்" என்றாள்.