மாமாவுக்குப் பாடமான ஐந்து சொற்கள்

ஜனவரி 14, செவ்வாய்

அம்மா இரவு வேலைக்குப் போய்விட்டார். அப்பா லொறியோடு அல்பேட்டாவில். ரொறன்ரோ வீட்டில் நானும் அம்மாவின் அண்ணன் அகஸ்ரின் மாமாவும்தான். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் மாமா கதைக்க வந்துவிடுவார்.

இன்றைக்கு மாமா நடித்த பழைய ஆங்கிலத் தொடர் ஒன்று கணினியில் அகப்பட்டது. நான் பிறக்க முதல் எடுத்தது. மருந்துக்கடைக்காரராக வந்து, துப்பறிகிறவரிடம் ஒரு போத்தலை நீட்டிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். மாமாவின் தொழிலே அதுதான். எழுபதுகளில் கணக்கியல் படிக்க லண்டன் போனவர், படிப்பை விட்டுவிட்டு ஒரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகத் திரிந்தார். பிறகு பெரிய மேடைகள், தொலைக்காட்சி, படம். கதாநாயகனாக ஒருபோதும் இல்லை. கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிடுகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், கெட்ட செய்தி சொல்கிற டாக்டர், சில நேரம் பிணம். ஆனால் எந்த வேடத்தைக் கேட்டாலும் அந்த ஆள் காலையில் என்ன சாப்பிட்டான், மனுசியோடு ஏன் கோபம் என்றெல்லாம் சொல்லுவார். பிணத்துக்கும் சொல்லுவார். "செத்தவன் எண்டாலும் காலமை சாப்பிட்டவன்தானே, பிள்ளை."

மருந்துக்கடைக்காரரை நிறுத்திக் காட்டினேன். மாமா குனிந்து பார்த்தார்.

"உந்த ஆள் நல்லாய்ச் செய்யிறான். ஆர் உது?"

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் அருள்நாயகம் அங்கிள் மாமாவின் கையைப் பிடித்தார். மாமா உடனே இரண்டு கையையும் விரித்து, "எப்பிடி, அந்தப் பழைய குழப்படி இன்னும் போகேல்லையோ?" என்று கட்டிப்பிடித்தார். தன் சின்ன வயதுக் குறும்பைத்தான் கேட்கிறார் என்று அங்கிளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீரே, இவ்வளவு பெரிய நடிகர், எங்களை மறக்கேல்லை!" என்று மனைவிக்குச் சொன்னார்.

காருக்கு நடக்கும்போது, ஆர் மாமா அது என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? ஆனால் மனுசன் சந்தோசமாய்ப் போகுது."

அதே வசனத்தைப் பூசை வைத்த பாதருக்கும் சொன்னார். பாதருக்கு!

ஜனவரி 23, வியாழன்

பயமாயிருக்கு. நாளைக்கு எழுதிறன்.

ஜனவரி 24, வெள்ளி

நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வரும்போது, மல்வேர்ன் நூலகத்துக்குப் பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் மாமா நின்றார். ஜக்கெட் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. கழுத்தில் ரை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தார். "ஒத்திகைக்கு நேரமாச்சு, பஸ்ஸைக் காணேல்லை" என்றார்.

கையைப் பிடித்தேன். ஐஸ். வீட்டுக்குக் கூட்டிவந்து, மேலே நித்திரையாயிருந்த அம்மாவை எழுப்பாமல் பால் காய்ச்சிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் மாமா திரும்பி வந்தார். எப்படி எழுதுவது? கதிரையில் சாய்ந்துதான் இருந்தார், ஆனால் அப்போதுதான் வந்தார்.

"றெஜினாவுக்குச் சொல்லாதை. தான் வேலை செய்யிற இடத்திலை என்னையும் கொண்டுபோய் இருத்திப்போடுவாள்."

அம்மா வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில், மறதி வந்தவர்களின் மாடியில். நம்பர் அடித்தால்தான் அங்கே கதவு திறக்கும். நம்பர் அவர்களுக்குத் தெரியாது. மாமா ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார்.

சத்தியம் பண்ணிவிட்டேன். ஏன் பண்ணினேன்? நான் நித்திரையாகிப் போனபிறகு கதவைத் திறந்துகொண்டு போனால்? இந்தக் குளிரில்?

பெப்ரவரி 2, ஞாயிறு

மாமா அடுப்பில் விட்டு அடிப்பிடித்த பால்சட்டியை அம்மா கண்டுவிட்டார். நான்தான் அடுப்பில் வைத்து மறந்தேன் என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து டாக்டருக்கு நாள் கேட்டார். "சும்மா ஒரு செக்கப், அண்ணை."

மாமாவுக்குக் கவலையே இல்லை. குளியலறையில் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆங்கிலத்தில்: கதிரை, ஆறு, மஞ்சள், கத்தி, பள்ளிக்கூடம்.

எனக்கு அந்தச் சொற்கள் தெரியும். ரொறன்ரோவுக்கு வந்தபிறகு மாமாவுக்குக் கிடைத்த வேலை, டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு முன்னால் நோயாளியாக நடிப்பது. அவரைப் பரிசோதித்துத்தான் அவர்கள் பழகுவார்கள். மாமாவுக்கு எப்போதும் மறதிக்காரக் கிழவர் வேடம். பிழையான விடையைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று கேள்வித்தாள் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தார். உண்மையான டாக்டரும் அதே தாளைத்தான் கேட்பார்.

பெப்ரவரி 6, வியாழன்

அம்மாவை இன்றைக்குப் பகல் வேலைக்கும் மறித்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மாமாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் இளம் பெண். அதே ஐந்து சொற்களைச் சொன்னார். மணிக்கூடு வரையச் சொன்னார். பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்டார். மாமா நான்கைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். நெற்றியைத் தடவினார். கூரையைப் பார்த்தார். அப்போதுதான் பிடிபட்டது போல, "பள்ளிக்கூடம்!" என்றார். அந்தத் தயக்கம்! அதைத்தான் லண்டனில் அவருக்குக் காசு கொடுத்து வாங்கினார்கள். டாக்டர் கைதட்டாத குறை. தன்னைவிட நல்ல ஞாபகம் என்றார்.

மாமா எனக்குக் கண்ணடித்தார். நான் அவருடைய ஜக்கெட்டை எடுத்துக்கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார், "எங்கை போயிட்டு வாறம், பிள்ளை?"

அம்மா சந்தோசத்தில் இறால் வாங்கிப் பொரித்தார். என் பங்கையும் மாமாவின் தட்டில் வைத்தேன்.

பெப்ரவரி 10, திங்கள்

இப்பத்தான். மாமா என் அறை வாசலில் வந்து நின்றார். விளக்கைப் போட்டேன். என் முகத்தைப் பார்த்தார். தேடினார். தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு கையையும் விரித்து, வடிவாகச் சிரித்து —

"எப்பிடி, அந்தப் பழைய குழப்படி இன்னும் போகேல்லையோ?"

எனக்கு. எனக்குச் சொல்லிப்போட்டார்.

பெப்ரவரி 11, செவ்வாய்

காலமை அம்மா சப்பாத்துக் கழற்ற முதலே சொல்லிப்போட்டன். பஸ் தரிப்பிடம், பால்சட்டி, ஐந்து சொல், எல்லாம். அம்மா ஜக்கெட்டோடு மாடிப்படியில் குந்திவிட்டார்.

"ஏனடி இவ்வளவு நாளும் தனிய வைச்சிருந்தனி?"

"சத்தியம் பண்ணினனான்."

"எனக்கும் விளங்கினதுதான். அங்கை எத்தினை பேரைப் பாக்கிறன். என்ரை அண்ணை எண்ட உடனை…"

"அங்கை கொண்டுபோய் விடுவீங்களோ?"

"தெரியேல்லை, செலீன்."

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாதது நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் பயம் கூடிவிட்டது.

பெப்ரவரி 20, வியாழன்

மூன்று பேரும் போனோம். டாக்டர் அதே தாளை எடுத்தார். மாமா, திரை விலகப்போகிறது போல நிமிர்ந்து இருந்தார்.

"வேறை சொல்லுகளைக் கேளுங்கோ" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "இது அவருக்குப் பாடம். அவர் நடிகர்."

மாமா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

டாக்டர் வேறு தாள் எடுத்துப் புதுச் சொற்களைச் சொன்னார். திருப்பிக் கேட்டபோது மாமா நெற்றியைத் தடவினார், கூரையைப் பார்த்தார். அதே தயக்கம்தான். ஆனால் அதன் முடிவில் ஒன்றும் வரவில்லை. ஒரு சொல்லும். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

காட்டிக்கொடுத்துப்போட்டன். அழுகையை அடக்க முடியவில்லை.

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "லண்டனிலை ஒரு பத்திரிகைக்காரனும் என்ரை நடிப்பைக் கண்டுபிடிக்கேல்லை, றெஜினா. உன்ரை மகள் பிடிச்சிட்டாள்." பிறகு கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஏப்ரல் 28, திங்கள்

கனநாள் எழுதவில்லை. அம்மா பகல் வேலைக்கு மாறிவிட்டார். இரவில் கீழே இரண்டு பேரும் சின்ன வயதில் ஆர் ஆருக்கு அடித்தது என்று சண்டை பிடிக்கிறார்கள்; கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிடுகிறேன். மாமாவின் அறை மாமாவின் அறையாகவே இருக்கிறது. பகலில் முதியோருக்கான நிலையம் ஒன்றுக்குப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வருகிறார். இப்போதைக்கு இப்படி, பிறகு பார்ப்போம் என்கிறார் அம்மா.

இன்று காலை அவருக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் குனிந்து பார்த்தபடி இருந்தார். சிரிக்கவில்லை. கையை விரிக்கவில்லை.

"குறை நினையாதையும், பிள்ளை. உம்மை எனக்குத் தெரியேல்லை."

"செலீன்."

"நல்ல பெயர். ஆர் வைச்சது?"

"நீங்கள்தான், மாமா. லண்டனிலையிருந்து போனிலை சொன்னனீங்களாம்."

யோசித்தார். வெளியே மாமாவை ஏற்றிப்போகிற நிலையத்து வான் வந்து நின்றது.

"அப்ப நான் உமக்கு வேண்டப்பட்ட ஆள்தான்" என்றபடி, எழும்புவதற்குக் கையை நீட்டினார்.