குதிகால் தெரியாத படம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். 'அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், நீ அங்கே அவருக்காகக் கூட்டத்தில் எதுவும் பேச வேண்டாம்' என்று. கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் ஓர் அதிகாரி அம்மா நம் சமையலறையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது அது. எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை அப்பாவை விட்டுவிடுவார்கள் என்றார். வெள்ளிக்கிழமை இரவு நம் அம்மா கதவைத் தாழ்போடாமலே படுத்தாள். அப்பா வரவில்லை.

இதைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் ஓர் ஆள் பைக்கில் சாய்ந்தபடி நிற்கிறான். அவன் இருமினால்கூட எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். எதிர்வீட்டு மாமா காலையில் கப்பலுக்குக் கிளம்புகிறார். இதை அவர் பெட்டிக்குள் வைத்துவிடுவதாக அத்தை சொல்லியிருக்கிறாள்.

அப்பா அப்படி என்ன சொல்லிவிட்டார் என்று கேட்டிருந்தாய். சின்ன வயதில் என்னைத் தலைவர் வெள்ளத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் பிரபலமான புகைப்படம் எடுத்த தெரு இதுதானா என்று கேட்டுக்கொண்டு ஒரு வெளிநாட்டு நிருபர் வந்தார். அப்பா எங்கேயோ மோட்டார் பம்பு பழுதுபார்த்துவிட்டு, கை நிறைய கிரீஸோடு வந்து நின்றார். "தலைவர் என் பொண்ணைத் தூக்குனது நிஜம்தாங்க. நல்ல மனுஷன். ஆனா அன்னிக்கு நின்ன அதே தண்ணி இன்னிக்கும் நிக்குது. போன மழையில தையல்காரர் குழந்தை மூடியில்லாத சாக்கடைல விழுந்து செத்துப்போச்சு. அதையும் எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். கையைக் கழுவிக்கொள்ளக்கூட விடவில்லை.

உன் ரொட்டிக்கடை முதலாளி கல்லாவுக்குப் பின்னால் அந்தப் படத்தை ஒட்டிவைத்திருப்பதாக எழுதியிருந்தாய். "இப்படி ஒரு தலைவர் இருக்குற நாட்டுப் பையனா நீ?" என்று கேட்டுத்தான் வேலையே கொடுத்தாராமே. அப்பாவைப் பற்றி நீ சொன்னபோது, தலைவர் அப்படியெல்லாம் செய்யமாட்டார் என்று உன் தோளில் தட்டிவிட்டு, வீட்டு ஏக்கம் என நினைத்து ஒரு பன் எடுத்துக் கொடுத்தாராம். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது.

உன் முதலாளிமேல் எனக்குக் கோபம் இல்லை அண்ணா. படம் பொய் சொல்லவில்லை. படக்காரர்களின் வண்டி தண்ணீரில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றபோதே தலைவர் இறங்கி வந்துவிட்டார். என் முழங்கால் சிராய்ப்பை வாயால் ஊதிவிட்டார். பெயர் கேட்டதற்கு, நீ வைத்த பட்டப்பெயர்தான் என் வாயில் வந்தது. "எலிக்குட்டியா? எலி நல்லா நீந்துமே, நீ ஏன் அழுவுற?" என்று சிரித்தார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை அவர். அதுதான் எனக்குக் குழப்பம். அப்பா உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தால் ஒரு பயம், தெரியும் என்று நினைத்தால் வேறொரு பயம்.

அன்று தண்ணீரில் போன செருப்புக்குப் பதிலாக அவர் அனுப்பிய சிவப்பு ஷூ ஞாபகம் இருக்கிறதா? இன்னும் வருடா வருடம் வருகிறது, அதே சிவப்பு, அதே அளவு. "தலைவரைப் பொறுத்தவரைக்கும் நீ வளரவே இல்லடி" என்று கேலி செய்வாயே.

நாளை வெளிநாட்டுத் தலைவர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நம் தலைவர் என்னை மறுபடி பார்க்கப்போகிறார். மண்டியிட்டு என் ஷூவின் வாரை அவரே மாட்டிவிடுவாராம். அந்த அதிகாரி அம்மா இன்று ஷூவோடு வந்தார். நம் அம்மா எண்ணெய் தடவிப் பார்த்தாள். கால் நுழையவே இல்லை. அந்த அம்மா நம் கத்தரிக்கோலை வாங்கி, இரண்டு ஷூவின் பின்பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டார். "முன்னாடி இருந்துதான் படம் எடுப்பாங்க. கால மட்டும் திருப்பிடாத" என்றார். குதிகால் வெளியே நிற்கிறது. விரல்கள் உள்ளே மடங்கி இப்போதே ரத்தம் கட்டிவிட்டது.

நான் 'நன்றி ஐயா' என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "அவர் இரக்கமுள்ளவர்தானே, இவ ஒரு வார்த்தை கேட்டுரட்டுமே" என்றாள். அந்த அம்மா கோபப்படவே இல்லை. "அந்த இரக்கத்துக்கு ஒரு கெட்ட பேரு வந்துடக் கூடாதுன்னுதாம்மா நாங்க இருக்கோம்" என்றார். படம் நன்றாக வந்தால் அப்பா மறுநாளே வந்துவிடுவார் என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார்.

நம்பவில்லை. ஆனால் இந்தத் தடவை நிஜமாக இருந்துவிட்டால்? இதே யோசனைதான்.

அவர் குனியும்போது காதோரம் அப்பாவைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒத்திகையிலேயே 'நன்றி ஐயா' மட்டும்தான் வாயில் வந்தது. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. ஆனால் காலைக் கொஞ்சம் திருப்ப முடியும் என்று நினைக்கிறேன், வலது காலை மட்டும்.

உன் முதலாளி புதுப் படத்தையும் ஒட்டுவார். தலைவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல். என் முகத்தையும் வேண்டாம். அப்பாவுக்காக நான் நன்றாகச் சிரித்திருப்பேன். என் வலது குதிகாலைப் பார்க்கச் சொல். அதற்கப்புறம் அப்பாவைப் பற்றிச் சொல்லிப் பார், ஒருவேளை நம்புவார். கூட்டத்துக்கும் போ.

படத்தில் குதிகால் தெரியவில்லை என்றால் நான் பயந்துவிட்டேன் என்று அர்த்தம். என்னைத் திட்டாதே. அப்போதும் நீ பேசு அண்ணா.

பேசும்போது உன் குரல் நடுங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு,

உன்
எலிக்குட்டி