ஹாஜராவை நான்தான் உண்டாக்கினேன்

ஒக்டோபர் 14
புழுக்கம். மழை வருவேன் என்கிறது, வருவதில்லை. புத்தளத்தில் மருத்துவமாதருக்குக் கர்ப்பிணிகளை டெப்லட்டில் பதியப் பழக்கும் டெப் வகுப்பு, முதல் நாள். பாதி சார்ஜர் வேலை செய்யவில்லை.

பயிற்சிக்கு ஒரு கர்ப்பிணி வேண்டுமே. நானே உண்டாக்கினேன். பெயர் ஹாஜரா. எட்டு மாதம், பிரஷர் கூட; ஆபத்தான கேஸ் என்று பெயர் சிவப்பில் வரும். வீடு? கண்ணை மூடி வரைபடத்தில் விரலை வைத்தேன். எலுவன்குளத்துக்கு அப்பால், உப்புநீர்க் களப்போரக் காடு. அது வகுப்புக்கு வந்திருக்கும் ரிஸ்னாவின் பகுதி என்பதால் அவருடைய டெப்பில் பதிவு.

ஒக். 15
வகுப்பில்லை, எல்லாரும் வீட்டு விசிட். பாண் வாங்க மறந்தேன். சாப்பிடும்போது உம்மா மறுபடியும் மன்னார்க் கதை. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு வந்த கதை. கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

ஒக். 16
ரிஸ்னா பிந்தி வந்தார். செருப்பெல்லாம் காய்ந்த களப்புச் சேறு.

"மிஸ், நேத்து ஹாஜராட வீட்டுக்குப் போன."

"அது பொய்ப் பேர், ரிஸ்னா. பழகப் போட்டது."

"தெரியும். டெப்புல சிவப்பாக் கெடந்தா மனசு கேக்குதில்லயே. போய்ப் பாத்தா ஓலைக் குடிசை ஒண்டு இரிக்கி. ஹாஜரா எண்டு கூப்பிட்டேன். ஓம் எண்டு வெளிய வந்தா. காலெல்லாம் வீக்கம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்."

வகுப்பே சிரித்தது. ரிஸ்னா சிரிக்கவில்லை.

"என்னப் பதிஞ்ச மிஸ் எப்ப வருவாங்க எண்டு கேட்டா."

பயந்துவிட்டேன். இன்றைய பயிற்சி, ஹாஜராவின் மரணத்தைப் பதிவது. தாள் என் கையில். அதை மடித்துப் பைக்குள் போட்டு வகுப்பைக் கலைத்தேன்.

யாராவது பழகுகிறேன் என்று மரணத்தை அழுத்திவிட்டால்? ரிஸ்னாவின் டெப்பை வாங்கிப் பதிவை அழிக்கப் பார்த்தேன். அழியாது. முடிக்கக் காரணம் கேட்டது. பிரசவம், மரணம், இடம்பெயர்வு. பிரசவத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. மரணத்தின் பக்கம் விரலே போகவில்லை. இடம்பெயர்வை அழுத்தினேன். அதில் யாருக்கும் சேதமில்லை.

ஒக். 17
மழை. காலையிலேயே ரிஸ்னாவின் போன் கோல். ஹாஜராவைக் கூட்டிப் போக த்ரீவீலோடு போயிருக்கிறார்.

"மிஸ், கதவு தெறந்து கெடக்கு. உடுப்பெல்லாம் கொடியில. அடுப்புல ஒல கொதிக்கிது. ஆள் இல்ல."

உம்மாவிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அலுவலகக் கணினியில் பதிவைத் திறந்தேன். இடம்பெயர்வுக்குக் கீழே இன்னொரு பெட்டி. நேற்று பார்க்கவில்லை. 'சென்ற இடம்.'

வெறுமையாக விட்டிருக்கிறேன்.