யாரும் இல்லாத தீவுக்குக் கைதட்டியது

அன்புள்ள புஷ்பத்துக்கு, கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா?

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. இங்கு நடக்கும் உலகப் போட்டிக்கு இந்த முறை சின்னச் சின்ன நாடுகளும் வந்திருக்கின்றன. அவர்களுக்குக் கைதட்ட ஆளில்லை. அதனால் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கும் எங்களுக்கு ஏதோ ஒரு தீவின் சட்டையை மாட்டி, கொடியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அந்தத் தீவிலிருந்து வந்தவள் ஒரே ஒரு பெண். ஓட்டத்தில் கடைசியாக வந்தாள். "ஏட்டி, விடாத, ஓடு" என்று நிஜமாகவே கத்திவிட்டேன். தன் நாட்டு ஆட்கள் என்று நம்பி எங்களிடம் ஓடிவந்து, அவள் பாஷையில் என்னவோ கேட்டாள். ஊரைக் கேட்கிறாள் என்று நினைத்து, "கீழப்பாவூர்" என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று.

நாளை அவள் வீட்டுக்குப் போகிறாள். மைதானத்துக்கு ஆன செலவை எடுக்க அடுத்த போட்டியையும் இங்கேயே வைக்கிறார்களாம். எங்கள் லீவு ரத்து. கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைக் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அப்பா வருவார் என்று நம் ஷாரோனிடம் சொல்லிவைக்காதே. ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தால் சத்தத்தோடு வீடியோ எடுத்து அனுப்பு.

வேன் வந்துவிட்டது. இன்றைக்கு எந்த நாட்டுச் சட்டையோ.

உன்,
பெலிக்ஸ்