கறிவேப்பிலைப் பாத்தியும் கேப்டனும்

குனோங் ராபாட்,
ஈப்போ.

கர்த்தருக்குள் பிரியமான ரோசம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். மகள் கார்மெனும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மூன்று மாதம் என்று அவள் வீட்டுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போனாய்; அது எப்போதோ தாண்டிவிட்டது. பேத்திக்கு இப்போது பல் முளைத்துவிட்டதாம். சந்தோஷம். போனில் நீ பேசினால் நான் சரி, சரி என்று முடித்துவிடுகிறேன். அதனால்தான் இதை எழுதி, படம் பிடித்துக் கார்மெனின் போனுக்கு அனுப்புகிறேன்.

விஷயம் நம் நாய் கேப்டனைப் பற்றியது. உன் கறிவேப்பிலைப் பாத்தியை அது தோண்டுவது நிற்காவிட்டால், சனிக்கிழமை கமுந்திங்கிலிருந்து உன் தம்பி திமோத்தி வந்து கொண்டுபோய்விடுவார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். அவருடைய பட்டறையில் நாய்க்கு வேலை, பகலெல்லாம் சங்கிலியில் கிடப்பது. தண்டனைக்கு முன் விசாரணை என்று ஒன்று உண்டே என்று நானே நடத்தினேன்.

மிளகாய்த்தூள் தூவச் சொன்னார் திமோத்தி. நாயின் கண்ணும் மூக்கும் எரிந்துபோகும், கூடவே கூடாது என்றார் கால்நடை டாக்டர். காப்பிச் சக்கையும் அதற்கு விஷமாம். பம்ப்ளிமாஸ் தோலின் வாசம் நாய்களுக்குப் பிடிக்காது என்றார். தம்புன் பழக்கடை வரை போய் வாங்கிவந்து, பழத்தைத் தனியாளாகத் தின்று தீர்த்து, தோலைப் பாத்தியில் பரப்பினேன். கேப்டன் முகர்ந்தது, தும்மியது, தோலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தோண்டியது. வினிகரில் துணியை நனைத்துக் கட்டினேன். அந்த வாசத்துக்கு வீட்டுக்குள் ஓடியது நான்தான்.

இனி வருவதை நிதானமாக வாசி. பக்கத்து வீட்டுச் சக்கீனா வெள்ளிக்கிழமைதோறும் அமீரின் சாப்பாட்டுக் கடையிலிருந்து மீன் குடல் கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டுவார் அல்லவா? நீ சொல்லிவிட்டுப் போனபடி அதை ஒரு வாரமும் தவறாமல் கறிவேப்பிலை வேரில் புதைத்துவந்தேன். போன வெள்ளி புதைத்த கையோடு கேப்டனை அதட்டிக்கொண்டிருந்தேன். சக்கீனா பார்த்துக்கொண்டே நின்றார்.

“விருந்து வெச்சிட்டு விருந்தாளிய ஏசுறீங்களே லா, அண்ணே.”

அவர் நாயைத் தொடாதவர். ஆனால் இந்த வழக்கில் அதன் பக்கம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

உன் உரத்தைக் குறை சொல்லவில்லை. செடி தழைத்ததே அதனால்தான். அது நல்ல உரம் என்பதில் நாய்க்கும் சந்தேகமில்லை. இப்போது குடலை இறுக மூடிய வாளியில் மக்க வைக்கிறேன். பாத்தியில் உருண்டைக் கற்களை நெருக்கமாகப் பதித்து, மேலே புதிய தோல் போட்டிருக்கிறேன். பின்பக்க மூலையில் கொஞ்சம் மணல் கொட்டி, தோண்டியே ஆக வேண்டுமானால் இங்கே தோண்டு என்று விட்டிருக்கிறேன். பாத்தி கலையவில்லை. செடி துளிர்விட்டிருக்கிறது.

திமோத்தி என் பேச்சைக் கேட்கமாட்டார். அக்கா சொன்னால் கேட்பார். சாயங்கால ஜெபம் முடிந்து நான் ஆமென் சொல்லும்போது என்னோடு எழுந்து நிற்பது இப்போது இந்த வீட்டில் கேப்டன் ஒன்றுதான்.

நீ அவசரப்பட வேண்டாம், இருந்துவிட்டே வா. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாராக. சனிக்கிழமைக்குள் தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன்,
லியோனார்ட்