மோடம் ஏன் மினுங்கியது

நானாவுக்கு,

நீங்க ஒரு பாட்டும் இறக்காத நேரத்திலயும் மோடம் ஏன் மினுங்குது என்று நேற்று முழுக்க யோசிச்சன். "வயர் லூஸ்" என்று சொல்லிப்போட்டுப் படுத்தீங்களே, பெரிய எஞ்சினியர். வயரில் ஒரு பிழையுமில்லை.

நீங்க பாட்டு இறக்கிற இந்தப் புரோகிராமுக்கு, எல்லாத்தையும் வைச்சுக் குடுக்கிற கடை என்று நடுவில் ஒன்றும் கிடையாது. ஆளாளுக்குத் தங்கட கம்பியூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து வைப்பினம். மற்றவர்கள் அதிலிருந்து எடுப்பினம். எதைத் திறக்கிறது என்று அது முதலிலேயே கேட்கும். நீங்க வாசிக்காமல் 'ஓகே' அமத்தி, முழு டி டிரைவையும் திறந்து விட்டிருக்கிறீங்க. எங்கட தங்கச்சி றிஃப்னாவுக்கு மருதோண்டி போட்ட அன்றைக்கு எடுத்த படங்கள் அதிலதான் கிடக்கு, முக்காடில்லாத பொம்பிளைப் பிள்ளைகளோட. சிலதை ஆரோ எடுத்தும் போட்டான்; அப்படி எடுக்கேக்கதான் மோடம் மினுங்கினது. உங்களுக்குப் பாட்டு வந்தால் போதும், என்ன?

நான் கனகராயன்குளம் போறன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சுணங்கும், பொழுதுபட்டுத்தான் வருவன். றிஃப்னா பகல் சாப்பாட்டுக்கு வாறாள். நடந்ததை நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் பொய் சொல்லமாட்டன். சோறும் மீன் ஆணமும் குசினியில் இருக்கு, அவளுக்கும் வையுங்க.

ஸஹ்றா

பி.கு. இனி அந்தப் புரோகிராமின் செட்டிங்கில கை வைக்காதீங்க. 'பாட்டு' என்று புது ஃபோல்டர் செய்து, அதை மட்டும் பகிரக் குடுத்திருக்கிறன். டி டிரைவுக்கு நேரே இருந்த சரி அடையாளத்தை எடுத்துப்போட்டன். அந்த ஃபோல்டருக்கு வெளியே உள்ள எதையும் இனி ஆராலும் எடுக்க ஏலாது.